சோம்பேறிகளுக்கு ஏற்ற மொழி

ஏப்ரல் 3

செக் மொழி வகுப்பு ஆசிரியை அவர்களுக்கு,

வணக்கம். இந்தக் கடிதத்தை நான் ஆசைப்பட்டு எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேலிடம் எழுதச் சொன்னது, எழுதுகிறேன். மொழி நிலையத்தின் முதலாளி அம்மாவை மேலிடம் என்று சொல்லும் பழக்கமாவது நமக்குள் இன்னும் பொதுவாக இருக்கும் என்று நம்புகிறேன்.

செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். நான் வேலை செய்யும் கிளையை ஜூன் மாதத்தோடு இழுத்து மூடுகிறார்கள். ஜூலையிலிருந்து எல்லாம் உங்கள் ஊரில் உள்ள தலைமை நிலையத்தில்தான். அங்கே நம் இரண்டு மொழிக்கும் சேர்த்து இருப்பது ஒரே அறை. மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே, நீங்கள் பல வருஷமாகக் கட்டிக்கொண்டு அழும் அந்த மாடி அறை. இனி அதில் உங்கள் செக் இருக்கும், அல்லது என் நார்வேஜியன் இருக்கும்.

எதைப் படிக்கலாம் என்று யோசிப்பவர்களுக்காக ஒரு கையேடு அச்சடிக்கப் போகிறார்கள். அதைப் படித்துவிட்டு எந்த வகுப்பில் அதிகம் பேர் சேர்கிறார்களோ அது பிழைக்கும். மற்றது மூட்டை கட்டும். இதில் மேலிடம் தன் மூளையைக் கசக்கி ஒரு விதி போட்டிருக்கிறது. செக்கைப் பற்றி நான் எழுத வேண்டுமாம், நார்வேஜியனைப் பற்றி நீங்கள் எழுத வேண்டுமாம். "தன் சரக்கைத் தானே புகழ்ந்தா எவன் நம்புவான்? ஒருத்தர் சரக்கைப் பத்தி இன்னொருத்தர் எழுதுங்க, ஒரு எழுத்தைக்கூட நான் மாத்த மாட்டேன்" என்று போனில் சொன்னது.

உங்களிடம் நான் படித்த கொஞ்சநஞ்சத்தையும் முயற்சி செய்து மறந்துவிட்டேன். ஆகவே செக் மொழி பற்றிய அடிப்படை விவரங்களை எழுதி, கிளைகளுக்கு நடுவே வாராவாரம் போகும் அலுவலகப் பையில் அனுப்பவும். அழைக்கலாம் என்றால் என் எண்ணை நீங்கள் அழித்துவிட்டதாக, உங்கள் வீட்டோடு இருக்கும் நம் மாமா சொன்னார்.

இப்படிக்கு,
நார்வேஜியன் வகுப்பு ஆசிரியர்


ஏப்ரல் 9

அடேய்,

'ஆசிரியை அவர்களுக்கு'. 'உங்களுக்கும் வந்திருக்கும்'. என் கூடப் பிறந்தவன் எனக்கு 'நீங்கள்' போட்டு எழுதுகிறான், மூஞ்சியில் துப்புவதற்கு இதைவிட நாகரிகமான வழி அவனுக்குக் கிடைக்கவில்லை. உன் நார்வேஜியனில் எல்லோருக்கும் 'நீ' தானே? கடைக்காரனுக்கும் நீ, மந்திரிக்கும் நீ. அந்த மொழியைச் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவனுக்கு என்மேல் மட்டும் என்ன திடீர் மரியாதை?

முயற்சி செய்து மறந்தேன் என்கிறாய். மறக்க முயற்சி எதற்கு? படித்தால்தானே மறப்பதற்கு.

நீ மறந்திருந்தாலும் நான் மறக்கவில்லை. நீ என்னிடம் படித்த கடைசி நாள், வகுப்பு நடந்துகொண்டிருக்கிறது. நான் கரும்பலகையில் அட்டவணை போட்டுக்கொண்டிருக்கிறேன். நீ ஜன்னலோரத்து நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, "இதைப் பைத்தியத்தைத் தவிர வேற யாரும் படிக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு எதிர் அறைக்குப் போனாய். அப்போது அங்கே நார்வேஜியன் நடந்தது. உன் பின்னாலேயே இன்னும் மூன்று பேர் எழுந்து போனார்கள். மிச்சம் இருந்தவர்கள் என் முகத்தையே பார்த்தார்கள். அன்றைக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் நீங்கள் சிரித்த சிரிப்பு இந்தப் பக்கம் நன்றாகக் கேட்டது.

சரி, விவரம் கேட்டாய். செக்கில் வேற்றுமை ஏழு. பெயர்ச்சொல்லின் வால் ஏழு விதமாக மாறும், ஆள் பெயரும் தப்பாது. இதைக் கேட்டவுடனே உன் ஆட்கள் ஐயோ என்பார்கள். நம் மொழியில் வேற்றுமை எட்டு. எட்டைச் சுமக்கிற வாய்க்கு ஏழு பாரமா? சொற்களை முன்பின்னாக மாற்றிப் போட்டாலும் வாக்கியம் விழாது, நம்மைப் போலவே. வினைச்சொல்லின் முடிவைப் பார்த்தே ஆள் யார் என்று தெரிந்துவிடும், நம்மைப் போலவே. நீ வேறு, நீங்கள் வேறு. எழுதியிருப்பதை அப்படியே படிக்கலாம், ஏமாற்று கிடையாது. அழுத்தம் எப்போதும் சொல்லின் தலையில். மாதங்களுக்குக்கூட ஊரார் வைத்த பெயரைக் கடன் வாங்காமல் சொந்தப் பெயர் வைத்திருக்கிற மொழி அது.

இன்னொன்றும் எழுதிக்கொள். ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தேன் என்பதற்கு ஒரு வினைச்சொல், செய்து முடித்தேன் என்பதற்கு அதன் ஜோடியாக வேறொரு வினைச்சொல். உனக்கு அந்த இரண்டாவது தேவைப்பட்டதே இல்லை.

நான் அந்த நாட்டில் கண்ணாடிப் பாசிமணி செய்யும் பட்டறையில் மணி பொறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அங்கிருந்த பெண்கள் என் ஒவ்வொரு தப்புக்கும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். நான் எழுந்து எதிர் அறைக்குப் போகவில்லை.

உன் மொழியின் பெருமைகளை எழுதி அனுப்பு. ஒரு தபால் தலையின் பின்பக்கமே போதும் என்று நினைக்கிறேன்.

செக் வகுப்பு ஆசிரியை


ஏப்ரல் 16

செக் வகுப்பு ஆசிரியைக்கு,

உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்த பைக்காரர், "உள்ள என்ன சார், சூடா இருக்கு" என்று கேட்டார்.

கேட்ட விவரங்கள் இதோ. நார்வேஜியனில் வினைச்சொல் ஆளுக்கு ஆள் மாறாது. நான் வந்தாலும் நீங்கள் வந்தாலும் அது ஒரே மாதிரிதான் வரவேற்கும். வினை வாக்கியத்தின் இரண்டாவது இடத்தில் நிற்க வேண்டும், அதைப் பிடித்துக்கொண்டால் பாதி வாக்கியம் உருப்பட்டுவிடும். 'அந்த' என்ற சுட்டு பெயரின் வாலில் ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலம் தெரிந்தவருக்கு நிறையச் சொற்கள் தெரிந்த முகமாக இருக்கும். பக்கத்து நாட்டுக்காரர்கள் பேசுவதும் எழுதுவதும் ஓரளவு இலவசமாகப் புரியும். அங்கே போனால் வேலை கிடைக்கும். உங்கள் செக்கைப் படித்தால் கிடைப்பது சுயமரியாதை மட்டும் என்று கேள்வி.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நானும் எளிது என்று நினைத்துத்தான் அந்த நாட்டுக்குப் போனேன். வகுப்பில் நான்தான் முதல். மீன் பதப்படுத்தும் ஆலையில் முதல் நாள் மேற்பார்வையாளர் வாயைத் திறந்தார். ஒரு சொல்கூடப் புரியவில்லை. அந்த நாட்டில் பள்ளத்தாக்குக்கு ஒரு பேச்சு, எல்லோரும் தன் ஊர்ப் பேச்சைத்தான் பேசுவார்கள், அதை யாரும் குறையாக நினைப்பதில்லை. எழுத்துமொழியும் ஒன்றல்ல, இரண்டு. பேச்சில் ஒரு ராகம் வேறு உண்டு, ராகம் தப்பினால் சொல்லே வேறாகிவிடும். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். குளிர் அறையில் வேலை செய்ய யாருக்கு விருப்பம் என்று கேட்டிருக்கிறார். அந்தக் குளிர்காலம் முழுவதும் நான் குளிர் அறையில் மீன் பெட்டி அடுக்கினேன்.

இதை எழுதுவதும் எழுதாததும் உங்கள் விருப்பம். எனக்குத் தெரிந்து, உங்களுக்கு வேண்டியதை மட்டும்தான் எடுத்துக்கொள்வீர்கள்.

நார்வேஜியன் வகுப்பு ஆசிரியர்


ஏப்ரல் 24

மீன் பெட்டி அடுக்கியவருக்கு,

எழுதி முடித்துவிட்டேன். அச்சுக்கு அனுப்புவதற்கு முன்னால் உனக்கும் ஒரு பிரதி. பின்னால் 'முதுகில் குத்திவிட்டாள்' என்று ஒப்பாரி வைக்கக் கூடாது பார், நேராக நெஞ்சிலேயே குத்துகிறேன்.

'நார்வேஜியன்: சோம்பேறிகளுக்கு ஏற்ற மொழி. நான், நீ, அவர்கள் என்று யார் வந்தாலும் இதில் வினைச்சொல் அசையாது, படுத்த இடத்திலேயே கிடக்கும். மனப்பாடம் செய்ய அதிகம் இல்லை. அட்டவணை என்று சொல்லும்படி பெரிதாக எதுவும் கிடையாது. அரைகுறை ஆங்கிலம் தெரிந்தவருக்குக்கூடப் பாதிச் சொற்கள் பார்த்த முகமாக இருக்கும். மேலதிகாரியையும் நீ என்றே அழைக்கலாம், ஆகவே மரியாதை படிக்கும் சிரமமும் மிச்சம். போதாததற்குப் பக்கத்து இரண்டு நாட்டு மொழிகளும் ஓசியில் ஓரளவு புரியும். மூளைக்கு வேலை கொடுக்க விரும்பாதவர்கள், வீட்டில் உட்கார்ந்து படிக்க நேரமில்லாதவர்கள், நாலு காசு சம்பாதிக்கப் பறப்பவர்கள் இதைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.'

எப்படி? ஒரு சொல் பொய் இல்லை, எல்லாம் உன் வாயாலேயே சொன்னது. உன் குளிர் அறைக் கதையை விட்டுவிட்டேன். ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாதவனின் தனிப்பட்ட கஷ்டம் கையேட்டுக்கு எதற்கு?

மாமா படித்தார். படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "ரெண்டு பேரும் ஒரே குழிக்குள்ள நின்னுக்கிட்டு, யாரு மேல மண்ணு கம்மியா இருக்குன்னு சண்டை போடுறீங்க" என்றார். அவருக்கு இதெல்லாம் புரியாது.

செக் ஆசிரியை


ஏப்ரல் 30

அக்கா,

நீங்கள் நாங்கள் எல்லாம் ஓரமாக இருக்கட்டும். நீ எழுதியதை முதலில் கிழித்துப் போடு.

எனக்கு வலித்ததால் சொல்கிறேன் என்று நினைக்காதே. சொல்லப்போனால் எனக்கு உச்சி குளிர்ந்தது. நான் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாலும் என் வகுப்புக்கு இப்படி ஒரு விளம்பரம் செய்திருக்க முடியாது. நம்மிடம் படிக்க வருகிறவர்கள் யார்? பகலெல்லாம் நின்று வேலை செய்துவிட்டு, கால் வீங்கி, பஸ் பிடித்து வருகிறவர்கள். அவர்களுக்கு 'எளிது' என்பது வசவு இல்லை. 'மனப்பாடம் செய்ய அதிகம் இல்லை' என்பதைப் படித்தால் அவர்கள் வெட்கப்பட்டு உன் பக்கம் வருவார்கள் என்று நினைக்கிறாயா? அந்த வரியை அடிக்கோடு போட்டுப் பக்கத்து வீட்டுக்காரருக்கும் காட்டுவார்கள்.

ராகத்தைப் பற்றி எழுது. இரண்டு எழுத்துமொழியைப் பற்றி எழுது. என் குளிர் அறையைப் பற்றி எழுது, என் பெயர் போட்டே எழுது. என்னை முட்டாள் என்று எழுது, பரவாயில்லை. 'எளிது' என்று மட்டும் எழுதாதே. அந்த மாடி அறை போய்விட்டால் நீ என்ன செய்வாய் என்று மாமாவிடம் கேட்டேன். அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

நான் செக்கைப் பற்றி எழுதியதில் கடைசிப் பகுதியை உனக்கு அனுப்புகிறேன். திட்டாமல் எழுத எனக்கு மனம் வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

'செக்: இதைத் தொடுவதற்கு முன் நன்றாக யோசிக்கவும். உயிரெழுத்தே இல்லாத சொற்கள் உண்டு. வேறு எந்த மொழிக்காரரும் எளிதில் சொல்ல முடியாத ஓர் எழுத்து உண்டு, அதற்கு நாக்கு பழக மாதக்கணக்காகும். அட்டவணைகள் சுவரை மறைக்கும். இதில் சேர்பவர்களில் பெரும்பாலானோர் பாதியில் ஓடிவிடுவார்கள். முழுவதும் படித்து முடித்த ஒருவரை மட்டும் எனக்குத் தெரியும். அவர் தலைக்கனம் பிடித்தவர். அந்தத் தலைக்கனம் அவருக்குத் தகும்.'

திருத்தி எழுது அக்கா. இன்னும் நேரம் இருக்கிறது.


மே 6

அடேய் தந்திரக்காரா,

என் காதில் பூ சுற்றப் பார்க்கிறாயா? இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட வராத 'அக்கா', உன் வகுப்பு ஆட்டம் காணும்போது மட்டும் எங்கிருந்து வந்தது? அடி சரியான இடத்தில் விழுந்திருக்கிறது என்று அப்போதே புரிந்துகொண்டேன்.

சோம்பேறி என்று சொன்னால் ஜனங்கள் ஓடி வருவார்களாம். அப்படி ஒரு ஜனம் இருந்தால் அது எனக்கு வேண்டவே வேண்டாம். என் வகுப்புக்கு வருகிறவர்களை எனக்குத் தெரியும். கஷ்டம் என்று சொன்னால் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்காருகிறவர்கள்.

நீ பதறிய பதற்றத்தைப் பார்த்து, கடைசியில் இன்னொரு வரியும் சேர்த்து அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். 'இரண்டே மாதத்தில் பேசிவிடலாம்.' மேலிடம் படித்துவிட்டு, "இது நிஜமா?" என்று கேட்டது. "மூளை உள்ளவங்களுக்கு ரெண்டு மாசம், இல்லாதவங்களுக்கு ஆலைக்குப் போனப்புறம் குளிர் அறை" என்றேன். அதற்குப் புரியவில்லை, போகட்டும்.

என்னைத் தலைக்கனம் பிடித்தவள் என்று அச்சில் போட்டதற்கு நன்றி. மாமா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

இனி எழுத வேண்டியது எதுவும் இல்லை.


ஜூன் 12

நார்வேஜியன் ஆசிரியருக்கு,

உனக்குச் செய்தி தெரிந்திருக்கும். சந்தோஷமாகத் தூங்கியிருப்பாய்.

மேலிடம் என்னை அறைக்குள் கூப்பிட்டு உட்காரச் சொன்னது. எப்போதும் நிற்க வைத்துப் பேசும் ஆள் உட்காரச் சொன்னபோதே எனக்கு விளங்கிவிட்டது. உன் வகுப்புக்கு மாடி அறை பத்தாதாம், கீழே கடைக்குப் பின்னால் உள்ள பெரிய கூடம்தான் வேண்டுமாம். எனக்கு வந்திருப்பவர்கள் இரண்டு பேர். மூன்று பேராவது இல்லாமல் எந்த வகுப்பும் நடத்துவதில்லை என்பது நிலையத்தின் வழக்கம். அதைச் சொல்லும்போது மேலிடம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டு பேரில் ஒருத்தி கீழே கண்ணாடிக் கடையில் பவர் சோதிக்கும் பெண். இன்னொருவர் ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர். எதற்காக இதில் சேர்ந்தீர்கள் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "கடைசி வரியப் படிச்சேன் மேடம். அந்தத் தலைக்கனம் எனக்கும் வேணும்" என்றாள். ஓட்டுநரும் அதையே வேறு விதமாகச் சொன்னார். என் ஆட்கள் என்று மார்தட்டினேன் அல்லவா? கடைசியில் வந்த இரண்டு பேரும் நீ எழுதிய வரியைப் பார்த்து வந்தவர்கள். உன் வகுப்புக்கு வந்த கூட்டமெல்லாம் நான் எழுதியதைப் பார்த்து வந்தது.

அட்டவணைகளைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டேன். அவை இருந்த இடத்தில் சுவர் வெள்ளையாக இருக்கிறது. எனக்கு அழுகை வந்தது. வந்ததை எழுதுகிறேன், நீ இதற்கும் சிரித்துக்கொள்.


ஜூன் 17

அக்கா,

சிரிக்க எனக்கு நேரமில்லை. கையேட்டின் அட்டையில் என் போன் எண்ணைப் போட்டுவிட்டார்கள். விடிந்தால் அழைப்பு. "சார், ரெண்டு மாசம்னு போட்டிருக்கே, ஆகஸ்ட் கடைசிக்குள்ள முடிஞ்சிருமா? எனக்கு விசா வந்துரும்" என்கிறார் ஒருவர். "வீட்டுல படிக்க வேண்டாம்தானே?" என்கிறார் இன்னொருவர். ஓர் அம்மா தன் வேலையையே விட்டுவிட்டுச் சேர்ந்திருக்கிறார். இரண்டு மாதத்தில் புது வேலைக்குப் போய்விடலாம் என்று உன் பேச்சை நம்பி.

உன் தலைக்கனத்துக்குத் தீனி போட ஒரு கூட்டத்தையே என் தலையில் கட்டிவிட்டு, நீ சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருக்கிறாய். ரொம்ப நன்றாக இருக்கிறது. அவர்களும் தலையாட்டிக்கொண்டே போய்க் குளிர் அறையில் நிற்கட்டும் என்கிறாயா? நான் ஒருத்தன் அத்தனை பேரையும் இழுக்க முடியாது. மேலிடத்திடம் சொல்லிவிட்டேன், இரண்டு பிரிவாகப் பிரிக்க வேண்டும், இரண்டாவது பிரிவுக்கு ஆசிரியை நீ என்று.

குதிக்காதே. இது பிச்சை இல்லை, தண்டனை. முதல் இரண்டு மாதம் எல்லோரையும் கூடத்தில் ஒன்றாக வைத்துக்கொள்கிறேன். நீயும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்து படி. செப்டம்பரில் பாதிப் பேரை நீ எடுத்துக்கொள். இரண்டே மாதம் போதும் என்று அச்சில் சொன்னது நீதானே? மூளை உள்ளவர்களுக்கு.

பையில் ஒரு பென் டிரைவ் இருக்கும். என் பழைய மேற்பார்வையாளரைக் கூப்பிட்டுப் பேசச் சொல்லிப் பதிவு செய்தது. சும்மா தன் வீட்டைப் பற்றித்தான் பேசுகிறார். கேட்டுப் பார். புரிந்தால் வராதே.


ஜூன் 25

அடேய்,

உன் தண்டனையை நீயே வைத்துக்கொள் என்று எழுதத்தான் தாளை எடுத்தேன்.

அதற்கு முன்னால் உன் இலக்கணப் புத்தகத்தை நிலையத்தின் அலமாரியிலிருந்து எடுத்துப் படித்தேன். ஒரே வாரத்தில் ஊதித் தள்ளிவிட்டேன். எனக்கே ஏமாற்றமாக இருந்தது, இவ்வளவுதானா என்று. சரி, உன் மேற்பார்வையாளரையும் ஒரு கை பார்த்துவிடலாம் என்று பென் டிரைவைச் செருகினேன்.

இது மொழியா, வாய் கொப்பளிப்பா? ஒரு சொல் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. புத்தகத்தில் இருந்த சொற்கள் எல்லாம் எங்கே போயின? ஏற்றி இறக்கிப் பாட்டு மாதிரி இழுக்கிறார், நடுவில் மூச்சை உள்ளே வாங்கிக்கொண்டே ஏதோ சொல்கிறார். நாலு தடவை போட்டுக் கேட்டேன். 'வீடு' என்ற ஒரு சொல் கிடைத்த மாதிரி இருந்தது. அதுவும் சந்தேகம்தான்.

மாமா பக்கத்தில் உட்கார்ந்து, ரொம்பப் புரிந்தவர் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். "தலையாட்டாதீங்க, குளிர் அறையில போட்டுருவாங்க" என்று சொன்னேன். சொன்ன பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு குளிர்காலம் முழுக்க அங்கே நின்றிருக்கிறாய். எனக்கு ஒரு வரி எழுதவில்லை. எழுதியிருந்தால் நான் என்ன பதில் போட்டிருப்பேன் என்று நினைத்துப் பார்த்தேன், நீ எழுதாததே நல்லது.

வேலையை விட்டுவிட்டுச் சேர்ந்த அந்த அம்மாவுக்காகத்தான் வருகிறேன். உனக்காக இல்லை. மொழி இன்னும் சோம்பேறி மொழிதான், அதைப் பேசுகிறவர்கள்தான் அதைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள் என்பது என் முடிவு. முன்வரிசையில் உட்கார மாட்டேன். ஜன்னலோரத்தில் ஒரு நாற்காலி போடு. வகுப்பின் நடுவில் எழுந்து போக எனக்கும் உரிமை வேண்டும்.


ஜூன் 28

அக்கா,

ஜன்னலோரத்தில் நாற்காலி போடச் சொல்லிவிட்டேன். கதவுக்கு ரொம்ப தூரத்தில்.

இன்னொரு விஷயம். எங்கள் கூட்டம் கீழே கூடத்துக்குப் போய்விடுவதால் மாடி அறை சும்மா கிடக்கும். மேலிடத்திடம் கேட்டேன், அதில் செக் நடந்தால் என்ன என்று. "மூணு பேர் வேணும், ரெண்டு பேர்தானே இருக்காங்க. வழக்கத்தை உங்க அக்காவுக்காக மாத்த முடியாது" என்றது. மாற்ற வேண்டாம் என்று சொல்லி மூன்றாவது ஆளுக்கும் பணம் கட்டிவிட்டேன்.

அந்த மூன்றாவது ஆள் நான்தான். வாரத்தில் இரண்டு நாள், என் வகுப்பு முடிந்ததும் மாடிக்கு வருகிறேன். கண்ணாடிக் கடைப் பெண்ணும் லாரி ஓட்டுநரும் என்னைவிட வேகமாகப் படித்துவிட்டால் அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியாதே.

அட்டவணைகளைத் திரும்பவும் மாட்டிவை. ஒரே ஒரு வேண்டுகோள். நான் ஏற்கெனவே பாதி வரை படித்தவன், அதனால் விட்ட இடத்திலிருந்தே தொடங்குகிறேன். இந்த வயதில் மற்றவர்களோடு உட்கார்ந்து 'என் பெயர் இன்னது' என்று ஒப்பிக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தம்பி


ஜூன் 30

தம்பி,

முதல் பாடத்திலிருந்து.

அக்கா